நீ கேட்காமல் விட்ட விக்கெட்

பாபு, இந்தக் கவரைப் பிரித்ததும் உனக்குச் சிரிப்புதான் வரும். ஆளுக்கு ஒரு போன் கையில் இருக்கும்போது, இந்த மனுஷன் எதற்காக ஒரு நோட்டைக் கிழித்து எழுதி, சித்தூரிலிருந்து தடாவுக்குக் கூரியரில் போட்டிருக்கிறான் என்று நினைப்பாய். காரணம் உனக்கே தெரியும். நீயும் நானும் பேச ஆரம்பித்தால் முதல் வாக்கியம் நலம் விசாரிப்பு, இரண்டாவது வாக்கியம் கிரிக்கெட், மூன்றாவது வாக்கியத்தில் இரண்டு பேர் குரலும் ஏறிவிடும். நான்காவதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிவிடுவாள். "அப்பனும் புள்ளயும் பேசிக்கினா போன் எதுக்கு, அடுத்த தெருவுக்கே கேக்குதே" என்பது அவளுடைய வழக்கமான தீர்ப்பு. நான் இப்போது சொல்ல வந்தது நான்கு வாக்கியத்தில் அடங்காது. குரல் ஏறாமல் சொல்ல வேண்டியதும்கூட. அதனால்தான் மூன்று நாளாக மதிய வேளையில் கிரவுண்டில் சைட் ஸ்கிரீன் நிழலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். காகிதத்தில் இருக்கும் மண் கறைக்கு மன்னித்துக்கொள்.

இன்னொரு சௌகரியமும் இதில் இருக்கிறது. நீ தெலுங்கு மீடியத்தில் படித்தவன். தமிழை நீ கற்றுக்கொண்டது பஸ் போர்டிலும் சினிமா போஸ்டரிலும்தான். இன்னமும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாய். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கு வேகமாகக் கோபம் வராது. ஒரு வரியில் வந்தாலும் அடுத்த வரியைக் கூட்டி முடிப்பதற்குள் பாதி இறங்கியிருக்கும். உன் கோபத்தை முப்பது வருஷமாகப் பார்க்கிறவன் யோசித்துச் செய்த ஏற்பாடு இது.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நிச்சயதார்த்தம் முடிந்து யமுனா அவள் அம்மாவோடு நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள் அல்லவா? இலை போட்டு உட்கார்ந்ததும் கரண்ட் போய் ஃபேன் நின்றது. உன் அம்மா வழக்கப்படி, "முனிரத்தினம் வேலையக் காட்டிட்டான்" என்றாள். நாம் மூன்று பேரும் சிரித்தோம். வடமாலபேட்டைப் பெண்ணுக்கு என்ன தெரியும் பாவம், "யாரு அது, கரண்ட் ஆபீஸ் லைன்மேனா?" என்று கேட்டாள். நீ சாம்பாரில் கையை வைத்தபடியே ஆறு வருஷத்துப் பழைய கதையை நேற்று நடந்ததுபோல் சொன்னாய். சித்தூர் கிரவுண்டில் நடந்த அந்த செமிஃபைனல், கண் எதிரே அவுட்டாகியும் கை தூக்காத அம்பயர் முனிரத்தினம், உனக்கு விழுந்த ஒரு வருஷத் தடை, கைநழுவிப்போன ஸ்டேட் டீம். கடைசியில், "எங்க நைனாவே சாட்சி சொன்னாரு. அவரு வாயில பொய்யே வராது, தெரியுமா?" என்று முடித்தாய். அந்தப் பெண் என்னை எவ்வளவு மரியாதையாகப் பார்த்தாள் தெரியுமா? அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா ரசத்தில் உப்புக் கூடிவிட்டதோ என்று நினைத்துக்கொண்டாள். ரசம் நன்றாகத்தான் இருந்தது. என் வாயில் ஒரு முறை பொய் வந்திருக்கிறது பாபு. அது அந்தச் சாட்சிதான்.

இரு. கடிதத்தைத் தூக்கி எறிந்துவிடாதே. அதை முழுதாகச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் உன் மணிக்கட்டிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வரும்.

கங்காதர நெல்லூரில் என் அப்பாவுக்கும் அவர் அப்பாவுக்கும் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. மற்றவர் நிலத்து மண்ணை மிதித்து மிதித்து எந்த மண் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று தெரிந்துவைத்திருந்தார்கள். அந்த அறிவை வைத்துத்தான் எனக்குச் சித்தூரில் இந்தக் கிரவுண்ட் வேலை கிடைத்தது. இருபத்திரண்டு கஜம் பிட்ச், நம் குடும்பத்தில் முதல் முதலாக ஒருவன் கவனிப்பில் விடப்பட்ட நிலம். அது வெயிலில் வெடிக்காமல் இருக்க ஈரச் சாக்கு போடுவோம். அந்தச் சாக்குகளைப் பிழிகிற வேலையை உனக்குக் கொடுத்தபோது உனக்கு எட்டு வயது. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து இருபது சாக்கு. அதனால்தானோ என்னவோ, உன் மணிக்கட்டு மற்றப் பிள்ளைகளைப்போல் இல்லை. பத்து வயதில் நீ போட்ட லெக் ஸ்பின் லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து ஆஃப் ஸ்டம்பைத் தட்டியது. கோச் என்னிடம் வந்து, "யாருய்யா கத்துக் குடுத்தது?" என்றார். "சாக்கு" என்றேன். அவர் நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து இரண்டு நாள் பேசவில்லை.

மணிக்கட்டு சாக்கிலிருந்து வந்தது. மூக்கின் மேல் கோபம் எங்கிருந்து வந்தது என்று உன் அம்மாவைக் கேட்டால் என்னைக் கை காட்டுவாள். தெருவில் ஆடும்போது அவுட்டென்று சொன்னால் மற்றப் பையன்கள் பேட்டை எடுத்துக்கொண்டு போவார்கள். நீ ஸ்டம்பாக வைத்திருந்த மூன்று செங்கல்லையும் தலையில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தாய். செங்கல் எதிர்வீட்டுக்காரருடையது. வாங்கிப்போக வந்தவரிடம் நான், "கோபம் இருக்கிற இடத்துலதான் குணம் இருக்கும்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர், "இருக்கட்டும்பா, செங்கல் எங்க கீது?" என்றார். அந்தப் பழமொழியை எத்தனை பேரிடம் சொல்லி உன்னைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. பதினாறு வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் கேப்டன் பவுண்டரியில் நிறுத்திய ஆளை நீ கிட்டே கூப்பிட்டாய், கேப்டன் திரும்ப அனுப்பினான், நீ திரும்பக் கூப்பிட்டாய். அந்தப் பையன் நடந்து நடந்து ஓய்ந்துபோய், "முதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்கடா, நான் தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று போய்விட்டான். அந்த ஆட்டத்தில் நீ ஆறு விக்கெட் எடுத்தாய். விக்கெட் எடுத்ததால் யாரும் உன்னைக் கண்டிக்கவில்லை. நானும்தான்.

உன் அம்மா மட்டும் ஒரு வழி செய்து பார்த்தாள். மண்டல அணியில் உன் பெயர் வந்தால் திருமலையில் உனக்கு மொட்டை என்று உன்னைக் கேட்காமலே வேண்டிக்கொண்டாள். பெயர் வந்தது. அப்போதுதான் நீ ஏதோ ஒரு ஆட்டக்காரனைப் பார்த்து முடியை ஒரு மாதிரி வளர்த்துவைத்திருந்தாய். மலைக்குப் போகும் பஸ்ஸில் வழி முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாய். மொட்டை போடும் கல்யாணகட்டாவில் உன் எதிரே கத்தியோடு உட்கார்ந்த பெரியவர், "தல வஞ்சு நாயனா" என்று, தலையைக் குனி என்று சொல்லிப் பார்த்தார். நீ நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாய். இரண்டாம் முறை சொன்னார். மூன்றாம் முறை ஒன்றும் சொல்லாமல் உச்சந்தலையில் கை வைத்து அழுத்தினார், குனிந்தாய். நீ தலை குனிந்து நான் பார்த்த ஒரே நாள் அதுதான். முடி போனது, கோபம் போகவில்லை. "சாமி முடியத்தானே எடுத்துப்பாரு, புத்திய நாமதானே குடுக்கணும்" என்றாள் உன் அம்மா. அது எனக்குச் சொன்னது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இப்போது அந்த செமிஃபைனலுக்கு வருகிறேன். உனக்கு இருபத்து நான்கு வயது. ஸ்டேட் டீமுக்கு ஒரு லெக் ஸ்பின்னர் தேடுகிறார்கள், பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று காலையிலேயே கிரவுண்டில் பேச்சு. கடைசி ஓவர் உன் கையில். அவர்களுக்கு ஐந்து ரன் வேண்டும், நமக்கு ஒரு விக்கெட் வேண்டும். நான் நீ பந்து போடும் முனைக்குப் பின்னால், சைட் ஸ்கிரீன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணுக்கு நேரே முனிரத்தினம் சாருடைய முதுகு. அவர் எப்போதும்போல் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றாவது பந்து. அதை நான் இன்னும் கண்ணை மூடினால் பார்ப்பேன். மிதந்துபோய், உள்ளே இறங்கி, என் பிட்சில் விழுந்து பாம்பு திரும்புவதுபோல் திரும்பி, பேட்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு கீப்பர் கைக்குப் போனது. உன் ஆயுளில் நீ போட்ட மிக நல்ல பந்து அதுதான். நீ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஏரோப்பிளேன்போல் பாயின்ட் பக்கம் ஓடினாய். கீப்பர், ஸ்லிப் எல்லோரும் உன்னைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். ஒருவன் மேல் ஒருவன் விழுந்து கட்டிப் புரண்டீர்கள்.

ஒருவனும் அம்பயரைக் கேட்கவில்லை.

இருபது வருஷமாக அம்பயர்களுக்கு டீ கொடுத்தவன் நான். அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே பாதி ரூல் எனக்கு மனப்பாடம். ஆட்டக்காரன் அப்பீல் செய்யாமல் அம்பயர் அவுட் கொடுக்கக்கூடாது. ஸ்டம்பே பறந்தாலொழிய, பேட்டர் தானாக நடையைக் கட்டினாலொழிய, யாராவது கேட்டுத்தான் ஆக வேண்டும். அடுத்த பந்துக்கு ஓடி வர ஆரம்பிக்கும்வரை நேரம் இருக்கிறது. அந்த பேட்டர் விவரமானவன். முதலில் தலையைத் தொங்கப்போட்டவன், யாரும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் பிட்சைத் தட்ட ஆரம்பித்தான். அப்போது முனிரத்தினம் சார் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். வலது கை பக்கவாட்டில் வந்து நின்றது. நான் பார்த்தேன் பாபு. அந்தக் கிரவுண்டில் அதைப் பார்க்கிற இடத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான். அவர் காத்துக்கொண்டிருந்தார். நீ வந்து ஒரு வார்த்தை கேட்பாயா என்று அந்தக் கை காத்துக்கொண்டிருந்தது. "அம்பயரக் கேளுடா" என்று நான் அங்கிருந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். என் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று உன் அம்மாவுக்கே தெரியும்.

குரல் கொடுத்தேன். வேறு வார்த்தை. அதை இங்கே எழுத மாட்டேன், உன் அம்மா இதைப் படித்துவிட்டுத்தான் ஒட்டுவாள். பேட்டர் நிற்பதையும் கை மேலே போகாததையும் பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. எழுந்து நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். என்னைப் பார்த்துக் கூட்டம் கத்தியது. அந்தக் கூச்சலைக் கேட்டுத்தான் நீ திரும்பினாய். நாட் அவுட் என்று சொல்லிவிட்டார்போல என்று நினைத்து, கேட்க வேண்டிய வாயால் திட்டிக்கொண்டே அவரிடம் போனாய். அன்றைக்கு முதலில் கத்தியது நீ என்று எல்லோரும் சொல்கிறார்கள். இல்லை, நான். நீ திட்டி முடித்ததும் அவர், "பால் வேய் பாபு" என்று மட்டும் சொன்னார், பந்தைப் போடு என்று. அந்தக் கோபத்தோடு போட்ட பந்து தரையில் படாத ஃபுல் டாஸ், நான்கு ரன். அதற்கடுத்ததும் ஃபுல் டாஸ், ஆட்டம் முடிந்தது. பிறகு நீ ஸ்டம்பை உதைத்ததையும், தொப்பியைக் கழற்றி அவர் காலடியில் எறிந்ததையும் நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பதினைந்து நாள் கழித்து விசாரணை. இரண்டு வருஷம் தடை போட வேண்டும் என்று ரிப்போர்ட். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். உன் அப்பன் என்று தெரிந்திருந்தும், கிரவுண்ட் ஆள், நேர்க்கோட்டில் உட்கார்ந்திருந்தவன், யார் பக்கமும் சாயாதவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். "பையன் அப்பீல் சேசாடா?" என்று கேட்டார்கள். முனிரத்தினம் சார் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "சேசாடு சார்" என்றேன். செய்தான் என்று ஒரே ஒரு சொல். உன் தடை ஒரு வருஷமாகக் குறைந்தது. அப்பீல் செய்தும் பதில் சொல்லாமல் ஆட்டக்காரனைத் தூண்டிவிட்ட அம்பயர் என்று அவர் பெயர் கெட்டது. ஸ்டேட் ஆட்டங்களுக்கு அவரை எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது, அது நின்றது. அடுத்த சீசன் முழுக்க எந்த லிஸ்டிலும் அவர் பெயர் இல்லை. உன்னைக் காப்பாற்ற வேறு வழி எனக்குத் தெரியவில்லை என்று அப்போது என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

உன்னையாவது காப்பாற்றினேனா? அதுதான் என்னை இப்போது அறுக்கிறது. ஒரு வருஷம் குறைந்தது உண்மை. ஆனால் அந்த ஒரு சொல்லால் நீ தப்பே செய்யாதவனாகிவிட்டாய். உலகமே சேர்ந்து உனக்கு அநியாயம் செய்துவிட்டது என்று நம்பினாய், நம்பவைத்தது நான். தடை முடிந்து வந்தபிறகு எந்த அம்பயரைப் பார்த்தாலும் உனக்கு அவர் முகம்தான் தெரிந்தது. கடப்பாவில் ஒரு சண்டை, நெல்லூரில் ஒரு சண்டை. ஸ்டேட் டீமுக்கு வேறொரு பையன் போனான். உன்னில் பாதி திறமை, ஆனால் வாயைத் திறக்காதவன். நீ தடா பக்கத்து ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலைக்குப் போய், கம்பெனி டீமில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரனானாய். நம் வீட்டில் பால் பொங்கினால் முனிரத்தினம், கேஸ் தீர்ந்தால் முனிரத்தினம், மாமரத்தில் பூ கொட்டினால் முனிரத்தினம். ஒரு நல்ல மனுஷனுடைய பெயரைத் திட்டு வார்த்தையாக்கி ஆறு வருஷம் புழங்கினோம். ஒவ்வொரு முறையும் நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன்.

யமுனா அன்றைக்கு இன்னொன்றும் கேட்டாள், நீ காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நீ கதையை முடித்ததும், "அந்த சாருகிட்டயே போயி ஏன் குடுக்கலன்னு யாரும் கேக்கலயா?" என்றாள். நீ, "அந்தாளுகிட்ட இன்னா பேச்சு" என்று அப்பளத்தை உடைத்தாய். ஆறு வருஷமாக நம் வீட்டில் யாருக்கும் தோன்றாதது, வந்த முதல் நாளே அந்தப் பெண்ணுக்குத் தோன்றியது. உனக்கு நல்ல இடத்தில்தான் பெண் பார்த்திருக்கிறோம்.

ஆகவே போன வியாழக்கிழமை, திருப்பதியில் இருக்கிற சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே அதே ஊரில் இருக்கிற முனிரத்தினம் சார் வீட்டுக்குப் போனேன். வாசலில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இப்போது அம்பயர் வேலைக்கெல்லாம் போவதில்லை, கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "ரா ரா, கூச்சோ" என்று உட்காரவைத்துக் காபி வரவழைத்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டே, "சார், அன்னைக்கு நான் பொய் சொன்னேன்" என்றேன். இந்த வயதில் அழுகை வரும் என்று நான் நினைக்கவில்லை.

அவர் நிதானமாக, "தெரியும்பா. நீ சொன்னப்பவே தெரியும்" என்றார்.

"அப்புறம் ஏன் சார் அங்கயே சொல்லல?"

"நீ அம்பயரா, கிரவுண்ட்மேனா? அந்த ரூம்ல நீ வெறும் அப்பன். என் பையனுக்குன்னா நானும் சேசாடுன்னுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ." காபியைக் குடி என்று கை காட்டிவிட்டு, "ஆனா வந்து சொல்றதுக்கு ஆறு வருஷம் ஆக்குவேன்னு நினைக்கல. இந்த வாரம் வருவான், அடுத்த வாரம் வருவான்னு ஒரு வருஷம் காத்துக்கினு இருந்தேன்" என்று சிரித்தார்.

பிறகு அவராகவே அந்தப் பந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எங்கே விழுந்தது, எவ்வளவு திரும்பியது என்று காபி டம்ளரைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "பேட்ல பட்ட சத்தம் எனக்குத் தெளிவா விழுந்துச்சு. என் சர்வீஸ்ல அப்படியொரு பால் நான் பாத்ததில்ல. விரல் ரெடியா வெச்சிக்கினு நிக்கிறேன். கேளுடா, கேளுடான்னு மனசுல சொல்லிக்கினே இருக்கிறேன். நானா வாயத் திறந்து கேளுன்னு சொல்ல முடியாதே, அது தப்பாச்சே. அவன் என்னைத் திட்டிக்கினு வரான்பா. திட்டினதுல எனக்கு வருத்தமில்ல, எவ்வளவோ பேரு திட்டியிருக்காங்க. அந்தப் பாலுக்கு விக்கெட் குடுக்க முடியலயேன்னு அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புரை எடுத்த கண்ணில் தண்ணீர் வரத்தான் செய்யும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு அடித்துக்கொண்டது. நீ ஆறு வருஷமாக எவரை எதிரி என்று நினைக்கிறாயோ, அந்தக் கிரவுண்டில் உன்னைவிட அதிகமாக உனக்கு அந்த விக்கெட் கிடைக்க வேண்டும் என்று நின்றவர் அவர்தான்.

இப்போது முப்பது வயதில் உன்னை மறுபடி மண்டல அணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கல்யாணம் முடிந்த இரண்டாவது வாரம் போய்ச் சேர வேண்டும். சுழற்பந்துக்காரனுக்கு முப்பது வயது ஒன்றும் கிழமில்லை, இனிமேல்தான் கை பழுக்கும். ஆனால் இந்தக் காழ்ப்பைப் பையில் வைத்துக்கொண்டு போனால் இதுவும் கையை விட்டுப் போகும். அதை உன் பையில் வைத்தவனே சொல்கிறேன். உனக்குக் கோபம் வரக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கோபமில்லாமல் நீ பந்து போட்டால் அது திரும்புமா என்பதே எனக்குச் சந்தேகம். கோபத்தில் போடு. போட்டபிறகு அம்பயர் பக்கம் திரும்பிக் கேள். உனக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்தவருக்கும் தெரிந்திருக்கும், தெரிந்தால் தானாகச் செய்வார் என்று நினைத்துக்கொண்டு கையை விரித்து ஓடாதே.

வீட்டிலும் அப்படித்தான். எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம், ஆட்டம் ஜெயித்த குஷியில் ஒரு டீமையே வீட்டுக்குச் சாப்பிட இட்டுக்கொண்டு வந்தேன். உன் அம்மாவைக் கேட்கவில்லை; கேட்க வேண்டும் என்றே தெரியாது. அவள் முகம் கோணாமல் பன்னிரண்டு பேருக்கும் வடித்துப் போட்டாள். எல்லோரும் கை கழுவியதும் அத்தனை தட்டையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "துன்னது உன் டீமு, தேய்க்கறது நீ" என்றாள். கேப்டன் முதல் பன்னிரண்டாவது ஆள் வரை நின்று வேடிக்கை பார்த்தார்கள். யமுனா உன் அம்மாவைவிடக் குறைந்தவளாக எனக்குத் தெரியவில்லை. முதலிலேயே கேட்டுவிடு.

கிளம்பும்போது சாருக்குப் பத்திரிகை கொடுக்கலாம் என்று வெற்றிலை பாக்கோடு எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். "நீ குடுத்தா வாங்கமாட்டேன். அவனை வரச் சொல்லு. அவன் வாயால கூப்பிட்டா கண்டிப்பா வரேன், என் வீட்டம்மாவையும் இட்டுக்கினு முன்வரிசைல வந்து உக்காருவேன்" என்றார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்த நடை எனக்கே ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போனாள். பிறகு அடுப்படியிலிருந்து, "இத்தினி வருஷம் என்னையும் அந்தப் பாவத்துல சேத்துக்கினியே" என்றாள். இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போது அடுத்த அறையில் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறாள். ஒன்றில் மட்டும் பெயர் எழுதாமல் தனியாக எடுத்துவைத்திருக்கிறாள்.

என் மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும், வந்து கத்து. இந்த முறை நான் பதிலுக்குக் கத்தமாட்டேன். யமுனாவிடம் உன் அப்பனைப் பற்றிச் சொன்னதைத் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கும், அதையும் சொல்லிவிடு. எனக்கு மரியாதை குறைந்தால் குறையட்டும். நீ பிறந்ததிலிருந்து உன்னிடம் நான் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். இதைச் செய், அங்கே போ, வாயை மூடு என்று எல்லாம் உத்தரவுதான். ஒன்றையாவது உன்னிடம் கேட்டிருக்கிறேனா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன், ஒன்றுகூட அகப்படவில்லை. முதல் தடவையாகக் கேட்கிறேன், முடியாது என்று சொல்லவும் உனக்கு உரிமை உண்டு. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை என்னோடு திருப்பதிக்கு வருகிறாயா, பாபு?